கை வைக்கும் முன் கேளுங்கள்: தென்னாப்பிரிக்காவில் ஒருங்கிணைந்த சிகிச்சை படிக்கும் மாணவர்களுக்கான கிளினிக் பயிற்சி வழிகாட்டி

தென்னாப்பிரிக்காவில் அக்குபங்சர், கைரோபிராக்டிக் (முதுகெலும்பையும் மூட்டுகளையும் கையால் சரிசெய்யும் முறை), ஹோமியோபதி, மூலிகை மருத்துவம், மசாஜ் தெரபி என்று ஏதாவது ஒன்றைப் படிக்கிற நம் பிள்ளைகள் கிளினிக் வருஷத்துக்கு வந்ததும் முதலில் கேட்பது, "எப்போ நோயாளி மேல கை வைக்க விடுவீங்க?" என்பதுதான். ஆசை நியாயமானது. எலும்பும் தசையும் நரம்பும் வருஷக்கணக்கில் மனப்பாடம் செய்தவர்களுக்குக் கை துறுதுறுக்கத்தான் செய்யும்.

டர்பனில் மாணவர்களின் கிளினிக் வேலையைப் பக்கத்தில் நின்று பார்க்கிறவள் என்ற முறையில் சொல்கிறேன். ஊசி போடும் கை பழகிவிடும்; தசையைப் பிடித்துவிடும் கையும் பழகிவிடும். பலர் பழகாமலே பட்டம் வாங்கிப் போவது வேறொன்று. இந்த நோயாளி இன்னும் யார் யாரிடம் வைத்தியம் பார்க்கிறார், வீட்டில் என்னென்ன விழுங்குகிறார், அதற்கும் நான் செய்யப்போவதற்கும் ஒத்துப்போகுமா என்று கேட்டு எழுதிவைக்கும் பழக்கம்தான் அது. பல வைத்திய முறைகளைச் சேர்த்துப் பார்க்கிறோம் என்று சொல்லிக்கொள்கிற நமக்கு இந்தப் பழக்கம் இல்லாவிட்டால் அந்தப் பேச்சுக்கே பொருள் இல்லை. அதனால் இந்த வழிகாட்டியில் அந்தப் பகுதிதான் நீளம்.

முதல் படி: சட்டத்தில் உங்கள் இடம் எது?

இந்த நாட்டில் நம் துறைகளை ஒழுங்குபடுத்துவது 1982ஆம் ஆண்டின் 63ஆம் எண் சட்டம். அதன் கீழ் இயங்குவது இணைச் சுகாதாரத் தொழில்களுக்கான மன்றம், ஏ.எச்.பி.சி.எஸ்.ஏ. என்றால் எல்லாருக்கும் புரியும். ஆயுர்வேதம், சீன மருத்துவமும் அக்குபங்சரும், கைரோபிராக்டிக், ஹோமியோபதி, நேச்சுரோபதி (இயற்கை மருத்துவம்), ஆஸ்டியோபதி (எலும்பையும் தசையையும் கையால் சரிசெய்வது), பைட்டோதெரபி (மூலிகை மருத்துவம்), அரோமாதெரபி (வாசனை எண்ணெய்ச் சிகிச்சை), மசாஜ் தெரபி, ரிஃப்ளெக்சாலஜி (பாதத்தை அழுத்திச் செய்யும் சிகிச்சை), யுனானி-திப் (கிரேக்க-அரபு மருத்துவம்) ஆகியவை அதன் பட்டியலில் உள்ள தொழில்கள். டாக்டர்களும் பிசியோதெரபிஸ்டுகளும் வேறொரு மன்றத்தின் கீழ் வருகிறார்கள்.

தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அந்தப் பட்டியலில் சித்த மருத்துவம் இல்லை. 1860இல் ட்ரூரோ கப்பலில் மதராஸிலிருந்து வந்தவர்களின் வழிவந்த பல வீடுகளில் இன்னும் கஷாயமும் தைலமும் உண்டு. அந்த அறிவை மதியுங்கள், வீட்டில் பயன்படுத்துங்கள். கிளினிக்கில் மட்டும் எந்தத் தொழிலுக்கு மாணவராகப் பதிந்திருக்கிறீர்களோ அந்த எல்லைக்குள்தான் வேலை செய்யலாம். மாணவப் பதிவு கைக்கு வரும் முன் எந்த நோயாளியையும் தொடாதீர்கள்.

டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் கைரோபிராக்டிக்கும் ஹோமியோபதியும் உண்டு. இரண்டுக்கும் வளாகத்திலேயே மாணவர் கிளினிக்குகள் இருக்கின்றன. இந்த இரண்டையும் ஜோஹானஸ்பர்க் பல்கலைக்கழகத்திலும் படிக்கலாம். பைட்டோதெரபி, யுனானி-திப், சீன மருத்துவம் என்றால் பெல்வில்லில் உள்ள மேற்கு கேப் பல்கலைக்கழகம். எங்கே படித்தாலும் முதல் வாரத்தில் கேட்டு வாங்க வேண்டியது இரண்டு: எந்தெந்தச் செயலை நீங்கள் தனியாகச் செய்யலாம், எதை மேற்பார்வையாளர் அறையில் இருந்தால் மட்டும் செய்யலாம் என்ற பட்டியல், உங்கள் கையெழுத்துக்குக் கீழே எப்போதும் யார் கையெழுத்து வேண்டும் என்ற விவரம்.

இரண்டாம் படி: உங்கள் உடம்பைத் தயார் செய்வது

ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மூன்று தவணை: முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து ஒன்று, ஆறாம் மாதம் ஒன்று. கிளினிக் தொடங்கும் மாதத்தில் யோசித்தால் நேரம் போதாது. அதற்கு முந்தைய வருஷமே ஆரம்பியுங்கள்.

நகம் ஒட்ட வெட்டியிருக்க வேண்டும். மோதிரம், வளையல், கைக்கடிகாரம் வெளியே. சோப்பு போட்டுக் கழுவினால் 40 முதல் 60 விநாடி, ஆல்கஹால் திரவம் என்றால் 20 முதல் 30 விநாடி. பெருவிரலையும் விரல் நுனிகளையும் விட்டுவிடுவதுதான் எல்லாரும் செய்வது. நோயாளியின் தோலைத் தொடுவதோ அந்த நுனிகள்தான்.

ஊசி உங்கள் கையில் குத்திவிட்டால் உடனே ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டுக் கழுவுங்கள். அழுத்திப் பிழிய வேண்டாம். அந்த நிமிஷமே மேற்பார்வையாளரிடம் சொல்லுங்கள். டர்பன் இருக்கும் குவாசுலு-நடால் மாகாணத்தில் எச்.ஐ.வி. பரவல் அதிகம். தொற்றைத் தடுக்கும் மருந்தைச் சில மணி நேரத்துக்குள் தொடங்குவதுதான் நல்லது. 72 மணி நேரத்தைத் தாண்டக்கூடாது. 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். திட்டுவார்கள் என்று பயந்து மறைத்தால் அந்த நேரம் கைவிட்டுப் போய்விடும். அரசு ஆம்புலன்ஸ் எண் 10177, கைபேசியிலிருந்து 112. இரண்டையும் சிகிச்சை அறையின் சுவரில் எழுதி ஒட்டுங்கள்.

மூன்றாம் படி: விரலுக்குப் பார்வை கொடுப்பது

நோயாளி கிடைக்கும் முன் வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு பயிற்சி உண்டு. ஒரு தலைமுடியை மேசைமேல் வைத்து வெள்ளைத்தாளால் மூடுங்கள். கண்ணை மூடிக்கொண்டு விரல் நுனியால் முடி எங்கே, எந்தத் திசையில் கிடக்கிறது என்று கண்டுபிடியுங்கள். தெரிந்ததும் இன்னொரு தாள், அப்புறம் இன்னொன்று. அழுத்த அழுத்த முடி மறைந்துபோவதும், லேசாகத் தொட்டால் தெரிவதும் விரலுக்குப் புரியும். நோயாளியின் கழுத்துத் தசையில் இறுக்கம் தேடும்போதும் இதே லேசான தொடுகைதான் வேண்டும். பழகாத கை அழுத்தித் தேடும். அழுத்தம் பட்டதும் தசை இறுகிக்கொள்ளும். அந்த இறுக்கத்தையே நோய் என்று எழுதிவிடுவார்கள்.

அதன் பிறகு சக மாணவர்கள்மேல் பழகுங்கள். ஒல்லி, பருமன், வயதானவர் என்று பலவித உடம்புகளைத் தொட்டுப் பாருங்கள். இருபது வயதுத் தோழியின் முதுகை மட்டுமே தொட்ட கைக்கு எழுபது வயது முதுகு அந்நியமாகத்தான் இருக்கும்.

நான்காம் படி: கேட்பது

முழங்கால் வலி என்று டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியிலிருந்து ஓர் ஆயா வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். மாணவி கேட்கிறாள்: "ஆயா, ஏதாவது மருந்து சாப்பிடுறீங்களா?"

"சுகர் மாத்திரை, பிரஷர் மாத்திரை. அவ்வளவுதாம்மா."

பெரும்பாலானவர்கள் இதை எழுதிக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்கள். போகாதீர்கள். கேள்வியை நாளோடு சேர்த்துக் கேளுங்கள்: "காலையில எழுந்ததும் முதல்ல வாயில என்ன போடுவீங்க?"

"வெந்தயம் ஊறவச்ச தண்ணி. கொஞ்ச நேரம் கழிச்சு பாவக்கா ஜூஸ்."

"அப்புறம்?"

"டீ, ரொட்டி. மாத்திரை. மக வாங்கிக் குடுத்த எலும்பு மாத்திரை."

"வலி தாங்க முடியாதப்ப என்ன செய்வீங்க?"

"பக்கத்து வீட்டு அம்மா ஒரு மாத்திரை குடுத்தாங்க. நல்லா கேக்குது. தினமும் ரெண்டு போடுறேன்."

இப்போது பையைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். பையிலிருந்து எனலாப்ரில், ஹைட்ரோகுளோரோதயசைடு, சர்க்கரைக்கான மெட்ஃபார்மின், பக்கத்து வீட்டம்மா கொடுத்த வலிமாத்திரை ஐபுப்ரோஃபென் எல்லாம் வெளியே வரும். முதல் இரண்டும் இங்கே அரசு கிளினிக்கில் ரத்த அழுத்தத்துக்கு வழக்கமாகக் கொடுப்பவை. அவற்றோடு ஐபுப்ரோஃபென் தினமும் சேர்ந்தால் சிறுநீரகம் பாதிக்கும் அபாயம் உண்டு. வயதானவர், சர்க்கரை நோயாளி என்றால் இன்னும் அதிகம். மெட்ஃபார்மினோடு பாகற்காய்ச் சாறும் வெந்தயமும் சேரும்போது சர்க்கரை எதிர்பார்ப்பதைவிட இறங்கலாம். முழங்காலுக்கு அக்குபங்சர் ஊசி போட வந்த மாணவி, ஊசியை எடுக்கும் முன்பே அந்த ஆயாவுக்குச் செய்ய வேண்டிய மிகப் பெரிய உதவியைக் கண்டுபிடித்துவிட்டாள். ஆனால் மாத்திரையை நிறுத்துங்கள் என்று அவளாகச் சொல்லக்கூடாது. மேற்பார்வையாளரை அழைக்க வேண்டும்; அவர் ஆயாவின் டாக்டரோடு பேச வேண்டும்.

கேட்கும் விதத்தில் குற்றம் சாட்டும் தொனி வந்தால் பை திறக்காது. "இதையெல்லாம் ஏன் சாப்பிடுறீங்க?" என்று ஒருமுறை கேட்டுவிட்டால் போதும், அடுத்த தடவை ஆயா எதையும் சொல்ல மாட்டார்.

ஜூலு பேசும் நோயாளிகளுக்கும் இதே மரியாதைதான். டர்பனில் வார்விக் சந்திப்பில் மூத்தி எனப்படும் பாரம்பரிய மருந்துகளை விற்கும் பெரிய சந்தை இருக்கிறது. நம் கிளினிக்குக்கு வருகிறவர்களில் மூலிகை வைத்தியரான இன்யாங்காவிடமோ, குறிசொல்லி வைத்தியம் பார்க்கும் சங்கோமாவிடமோ போகிறவர்கள் இருப்பார்கள். 2007ஆம் ஆண்டின் 22ஆம் எண் சட்டம் பாரம்பரிய வைத்தியர்களைச் சுகாதாரப் பணியாளர்களாக அங்கீகரித்திருக்கிறது. ஆகவே "டாக்டர் தவிர வேற யாரையாவது பாக்குறீங்களா, அவங்க என்ன குடுத்தாங்க?" என்று சாதாரணமாகக் கேளுங்கள். "குபுஹ்லுங்கு குபி?", அதாவது எங்கே வலிக்கிறது என்ற கேள்வியையாவது ஜூலுவில் கேட்கப் பழகுங்கள். நம் முன்னோர் நூற்றைம்பது வருஷத்துக்கு மேல் இந்த மக்களோடு சேர்ந்து வாழ்ந்த மண் இது. மொழிபெயர்க்க ஆள் தேவைப்பட்டால் கிளினிக் ஊழியரைக் கூப்பிடுங்கள். நோயாளியின் மகனையோ பேத்தியையோ வைத்து அந்தரங்கக் கேள்விகளைக் கேட்காதீர்கள்.

எச்.ஐ.வி. மருந்து சாப்பிடுகிறவர்களிடம் கூடுதல் கவனம் வேண்டும். இங்கே முதல் வரிசைச் சிகிச்சையில் டோலுடெக்ராவிர் இருக்கிறது. மன அழுத்தத்துக்கு மூலிகைக் கடைகளில் விற்கும் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் ரத்தத்தில் அதன் அளவைக் குறைத்துவிடும். கருத்தடை மாத்திரையையும், ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரினையும்கூட அது பலவீனமாக்கும். மக்னீசியமோ அலுமினியமோ கலந்த நெஞ்செரிச்சல் மருந்து சாப்பிடுகிறவர், அதற்கு 2 மணி நேரம் முன்போ 6 மணி நேரம் பின்போதான் டோலுடெக்ராவிரை விழுங்க வேண்டும். கால்சியம், இரும்பு மாத்திரைகளை வெறும் வயிற்றில் அதோடு சேர்க்கக்கூடாது. டோலுடெக்ராவிர் மெட்ஃபார்மினின் அளவை உடம்பில் கூட்டும் என்பதும் நினைவிருக்கட்டும். நம் பக்கத்து மூலிகைகளில் அதிமதுரம் அதிகமானால் ரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் குறையும். மூலிகைதானே என்று எதையும் தள்ளிவிடாதீர்கள். வேலை செய்கிற மூலிகை என்றால் மற்ற மருந்துகளோடு மோதவும் செய்யும்.

ஐந்தாம் படி: அளப்பது

ரத்த அழுத்தம் பார்க்கும் முன் நோயாளி ஐந்து நிமிஷம் பேசாமல் உட்கார வேண்டும். முதுகு நாற்காலியில் சாய்ந்திருக்கட்டும், பாதம் தரையில், கால்மேல் கால் கூடாது, கை இதய மட்டத்தில். பட்டையைச் சட்டைக் கையின் மேல் சுற்றாதீர்கள். 180/110ஐத் தாண்டி, கூடவே நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், கடும் தலைவலி, பார்வை மங்கல் எது இருந்தாலும் சிகிச்சையை விட்டுவிட்டு அவசரப் பிரிவுக்கு அனுப்புங்கள்.

இந்தியாவிலிருந்து வரும் தமிழ்ப் புத்தகங்களில் சர்க்கரை அளவு மில்லிகிராமில் இருக்கும்; இங்கே மீட்டர் காட்டுவது மில்லிமோல். நம்மூர் எண்ணை 18ஆல் பெருக்கினால் புத்தகத்து எண் வரும். இங்கே 10 என்றால் அங்கே 180. இங்கத்திய மீட்டரில் நான்குக்குக் கீழே போனால் தாழ்சர்க்கரை: 15 கிராம் சர்க்கரை அல்லது அதற்கு ஈடான இனிப்புப் பானம் கொடுத்து, 15 நிமிஷம் கழித்து மறுபடி பாருங்கள். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக்கூடாது.

ஆறாம் படி: எப்போது தொடவே கூடாது

இடுப்பு வலியோடு வருகிறவருக்குச் சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ கட்டுப்பாடில்லாமல் போனாலோ, தொடை இடுக்கில் மரத்துப்போனாலோ, இரண்டு காலும் பலமிழந்தாலோ அது அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டிய விஷயம். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாக, வலியாக இருந்தால் ரத்தக்கட்டி இருக்கலாம். அங்கே அமுக்கிப் பிடித்துவிட்டால் அந்தக் கட்டி நகர்ந்து நுரையீரலுக்குப் போகலாம். கழுத்து வலிக்கு வந்தவர், இதுவரை இப்படி வலித்ததில்லை என்று சொன்னாலோ, தலைசுற்றல், இரட்டைப் பார்வை, பேச்சுக் குழறல், விழுங்க முடியாமை இருந்தாலோ கழுத்தில் கையே வைக்காதீர்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், ராத்திரி வியர்வை, எடை குறைதல் என்றால் முகக்கவசம் கொடுத்து, ஜன்னலைத் திறந்துவிட்டு, காசநோய்ப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். அரசு கிளினிக்கில் அது இலவசம்.

இவற்றைச் சின்ன அட்டையில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளலாம். ஆனால் அட்டையைப் பார்த்து வரிசையாக ஒப்பிக்காதீர்கள், நோயாளி மிரண்டுபோவார்.

ஏழாம் படி: சிகிச்சை

வரிசை இது: முதலில் பார்ப்பது, பிறகு சக மாணவர்மேல் செய்துகாட்டுவது, பிறகு மேற்பார்வையாளர் கை எட்டும் தூரத்தில் நிற்க நோயாளிக்குச் செய்வது, கடைசியாக அவர் அறைக்கு வெளியே இருக்கச் செய்வது. ஜார்ஜ் மில்லர் 1990இல் மருத்துவக் கல்விக்காக வரைந்த கூம்பும் இதைத்தான் சொல்கிறது: தெரிவது, எப்படி என்று தெரிவது, செய்துகாட்டுவது, நிஜத்தில் செய்வது. ஒரு கட்டத்தைத் தாண்டிக் குதிக்க மேற்பார்வையாளரே சொன்னாலும் "இன்னும் ஒரு தடவை பக்கத்துல நில்லுங்க" என்று கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள்.

நீங்கள் மாணவர் என்பதை நோயாளிக்குச் சொல்லியாக வேண்டும். என்ன செய்யப்போகிறீர்கள், எதனால், என்ன ஆகலாம், வேண்டாம் என்றால் வேறு என்ன வழி என்பதை அவர் மொழியில் சொல்லி ஒப்புதல் வாங்குங்கள். இது 2003ஆம் ஆண்டின் தேசியச் சுகாதாரச் சட்டம் கேட்பது. பன்னிரண்டு வயது நிறைந்து, புரிந்துகொள்ளும் பக்குவம் உள்ள பிள்ளை மருத்துவச் சிகிச்சைக்குத் தானே ஒப்புதல் தரலாம் என்று 2005ஆம் ஆண்டின் குழந்தைகள் சட்டம் சொல்கிறது. வயதான பெண்களுக்கு முதுகைத் திறக்கக் கூச்சம் இருக்கும். தொடும் பகுதியை மட்டும் விலக்கி மற்றதைத் துணியால் மூடுங்கள். துணைக்கு ஒரு பெண் அறையில் இருக்கட்டுமா என்று கேளுங்கள்.

அக்குபங்சர் மாணவர்களுக்கு: ஒருமுறை பயன்படுத்தும் ஊசி மட்டும். போட்ட ஊசிகளின் எண்ணிக்கையைத் தாளில் எழுதி, எடுக்கும்போது எண்ணிச் சரிபாருங்கள். தலைமுடிக்குள் ஒன்று ஒளிந்துகொள்வது சகஜம். தோள் மேட்டில் உள்ள ஜி.பி. 21 என்ற அக்குபங்சர் புள்ளியிலும் மார்புக்கூட்டின் மேலும் ஆழமாகவோ நேராகவோ போட்டால் நுரையீரல் உறையில் ஓட்டை விழலாம். பிற்பாடு மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ உடனே மருத்துவமனைக்குப் போகச் சொல்லி அனுப்புங்கள். அறிகுறி பல மணி நேரம் கழித்தும் வரலாம். கர்ப்பிணிக்கு எல்.ஐ. 4 (கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில்), எஸ்.பி. 6 (உள் கணுக்காலுக்கு மேலே) புள்ளிகளைப் பாரம்பரியமாகத் தவிர்க்கிறார்கள். கூர்முனைப் பெட்டி முக்கால் பங்கு நிறைந்ததும் மூடிவிடுங்கள்.

நம் ஊர்த் திருவிழாக் காலம்

இதைப் பாடப்புத்தகம் சொல்லாது. தைப்பூசத்துக்கு முன் நாள்கணக்கில் விரதம் இருப்பவர்களில் இன்சுலின் போடுகிறவர்களும் உண்டு. விரதத்தை விடச் சொன்னால் கேட்க மாட்டார்கள், சொல்வதும் நம் வேலை இல்லை. விரதம் தொடங்கும் முன்பே டாக்டரிடம் அனுப்பி அளவை மாற்றிக்கொள்ளச் சொல்வதுதான் வழி. காவடி எடுத்த வாரத்தில் முதுகு வலி என்று வருகிறவரின் சட்டையைக் கழற்றிப் பார்க்காமல் எண்ணெயை எடுக்காதீர்கள். கொக்கி போட்ட இடங்கள் மூடி ஆறும்வரை அங்கே அழுத்தம் கூடாது. சிவந்து, சூடாகி, சீழ் இருந்தால் டாக்டரிடம் அனுப்புங்கள்; டெட்டனஸ் ஊசி போட்டிருக்கிறாரா என்று கேளுங்கள்.

தீமிதியும் அப்படித்தான். சர்க்கரையால் பாதம் மரத்தவருக்குச் சுட்ட புண் தெரியாது. அதற்கு முந்தைய வாரங்களில் வருகிற சர்க்கரை நோயாளிகளின் பாதத்தை 10 கிராம் நைலான் இழையால் தொட்டுப் பாருங்கள். கண்ணை மூடச் சொல்லி, இழை வளையும்வரை அழுத்தி, "தெரியுதா?" என்று கேட்க வேண்டும். தெரியவில்லை என்றால் அதை அவரிடம் நேரடியாகச் சொல்லுங்கள். தீ இறங்குவதா வேண்டாமா என்பது அவருக்கும் அம்மனுக்கும் இடையில் உள்ளது. உணர்ச்சி இல்லாத பாதத்தோடு இறங்குகிறோம் என்று தெரிந்து அவர் முடிவெடுக்கட்டும். இறங்கியவர் மறுநாள் பாதத்தைக் காட்ட வர வேண்டும் என்று நாள் குறித்துக் கொடுங்கள். ரிஃப்ளெக்சாலஜி மாணவர்கள் வருஷம் முழுக்க, விரல் இடுக்குகள் உட்பட பாதத்தைப் பார்த்த பிறகே தொட வேண்டும். மரத்த பாதத்துக்குச் சுடுநீர் வேண்டாம்.

எட்டாம் படி: எழுதுவது, அனுப்புவது

அன்றன்றே எழுதுங்கள். நோயாளி சொன்னது, நீங்கள் கண்டது, உங்கள் கணிப்பு, செய்ததும் செய்யப்போவதும் என்று நான்கு பகுதி போதும். "முழங்கால் வலி, முன்னேற்றம்" என்று எழுதினால் அடுத்து பார்க்கிறவருக்கு ஒன்றும் தெரியாது. "வலது முழங்கால், மாடிப்படி இறங்கும்போது வலி, போன வாரம் பத்துக்கு ஏழு, இன்று நான்கு" என்று எழுதுங்கள். தவறாக எழுதியதை ஒற்றைக் கோட்டால் அடித்து, கையெழுத்தும் தேதியும் போடுங்கள்.

2013ஆம் ஆண்டின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் உடல்நல விவரங்களைச் சிறப்புப் பாதுகாப்புக்கு உரியவையாக வைத்திருக்கிறது. வாட்ஸ்அப் குழுவில் நோயாளியின் எக்ஸ்ரேயைப் போட்டு "இது என்ன?" என்று கேட்கும் பழக்கத்தை முதல் நாளே விட்டுவிடுங்கள். டர்பன் தமிழர்களில் ஒருவரை ஒருவர் அறியாதவர் குறைவு. பெயரை மறைத்தாலும் ஊரும் வயதும் நோயும் சொன்னால் ஆள் தெரிந்துவிடும்.

பரிந்துரைக் கடிதம் அரைப் பக்கத்தைத் தாண்டக் கூடாது. அரசு கிளினிக்கில் நர்ஸுக்கு நீளமாகப் படிக்க நேரம் இருக்காது. முதல் வரியிலேயே கேள்வி வரட்டும்: "இவர் எனலாப்ரில், ஹைட்ரோகுளோரோதயசைடோடு ஐபுப்ரோஃபென் தினமும் எடுக்கிறார், சிறுநீரகப் பரிசோதனையும் வலிமருந்து மாற்றமும் வேண்டுகிறோம்." அடுத்து அளந்த எண்கள், சாப்பிடும் எல்லாவற்றின் பட்டியல், வெந்தயத் தண்ணீரும் பாகற்காய்ச் சாறும் உட்பட. பிறகு நீங்கள் கொடுக்கும் சிகிச்சை, மேற்பார்வையாளரின் பெயர், பதிவு எண், கிளினிக் தொலைபேசி. ஒரு நகல் கோப்பில், ஒரு நகல் நோயாளி கையில். ஒரு வாரம் கழித்து நோயாளியைக் கூப்பிட்டு, போனாரா, என்ன சொன்னார்கள், எந்த மாத்திரை மாறியது என்று கேட்டு அதையும் கோப்பில் சேருங்கள். போகவில்லை என்றால் காரணம் கேளுங்கள். டாக்சிக்குக் காசு இல்லையா, கூட வர ஆள் இல்லையா, போன தடவை நாள் முழுக்கக் காத்திருந்த அலுப்பா என்று தெரிந்தால்தான் அடுத்த தேதியை அவரால் போக முடிகிற நாளாகக் குறித்துக் கொடுக்க முடியும்.